வறுமையை அளந்த வணிகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரம் உலகின் பெருநகரங்களுள் முதலிடம் பெற்று விளங்கியது. 40 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் அந்நகரில் வாழ்ந்தனர். பல நாட்டுச் சரக்குகளும் தேம்ஸ் ஆற்றின் துறைமுகங்களில் வந்து குவிந்தன. நகரின் மேற்குப் பகுதியில் செல்வர்களின் மாளிகைகள் நிறைந்திருந்தன. கிழக்குப் பகுதியிலோ சந்து பொந்துகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக, தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். மேற்கே வாழ்ந்தவருள் பெரும்பாலோர் கிழக்குப் பகுதியைக் கண்ணாலும் கண்டதில்லை. எனினும், அங்கு வாழ்வோரைப் பற்றி அவர்களிடம் உறுதியான கருத்து ஒன்று இருந்தது. வறியவர் வறியவராயிருப்பதற்குக் காரணம் அவர்தம் குடியும் சோம்பலும் ஊதாரித்தனமுமே என்பது அக்கருத்து. அதனை எடுத்துரைத்தவர் பலர். உண்மைதானா என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலர்.

அதனை வீடு வீடாக எண்ணிப் பார்க்க முற்பட்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அரசாங்க அதிகாரியும் அல்லர். தோல் வாணிகமும் கப்பல் தொழிலும் நடத்திய செல்வர் ஒருவரே அப்பணியை மேற்கொண்டார். சார்லஸ் பூத் என்பது அவர் பெயர். இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தும் அக்காலத்தில் இலண்டனில் வாழ்ந்தவரே. பெயரொற்றுமை கண்டு இருவரையும் ஒருவராகவோ உறவினராகவோ கொள்வாருமுளர். அது பொருந்தாது.

சார்லஸ் பூத் 1840ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். கடவுள் ஒருவரே என்னும் கொள்கையையுடைய யூனிட்டேரியன் சபையைச் சார்ந்தது அக்குடும்பம். பூத் 16 வயது வரை பள்ளியிற் பயின்றார். பின்னர்க் கப்பல் நிறுவனமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்ததில்லை. 1860ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அதன் பின்னர் அவர் தம் தமையனார் ஆல்பிரெடுடன் கூடித் தோல் வாணிகத்தைத் தொடங்கினார். 1866ஆம் ஆண்டில் சகோதரர் இருவரும் பிரேசில் நாட்டிற்கு நீராவிக் கப்பல்களை விடலாயினர். வாணிகம் நாளடைவில் தழைத்தது. சரக்கின் எடை, நிலக்கரியின் செலவு, பயண நாள்கள் ஆகிய அனைத்தையும் எண்ணால் எழுதிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அத்தொழிலில் அவருக்கு ஊறியது. பிற்காலத்தில் ஒரு மாநகரின் வாழ்வையே கணக்கேட்டில் எழுத அவருக்குத் துணைநின்றது அப்பழக்கமே.

1865ஆம் ஆண்டுத் தேர்தலில் லிபரல் கட்சிக்காக வாக்குக் கேட்டு, லிவர்ப்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் அவர் தெருத் தெருவாக நடந்தார். அவர் ஆதரித்த கட்சி அங்குத் தோற்றது. ஆயினும், தெருக்களில் கண்ட துன்பக் காட்சிகள் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தம் ஊரிலேயே, தாம் நாள்தோறும் சென்ற வழிக்கு அருகிலேயே, இத்தகைய வாழ்வு இருந்ததை அறியாதிருந்தோமே என்ற எண்ணம் அவரை வருத்தியது. பின்னர், எச்சமயச் சார்பும் இல்லாத பொதுப் பள்ளிகள் வேண்டுமென்று கிளர்ச்சி செய்தார். சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் அதுவும் கைகூடவில்லை. இளமையிற் பெற்ற சமய நம்பிக்கையும் அவரிடம் தளர்ந்தது. பிரெஞ்சு நாட்டுத் தத்துவ அறிஞர் காம்ட்டின் கருத்துகள் அவரைக் கவர்ந்தன. மனித சமுதாயத்தையும் அறிவியல் முறையால் ஆராயலாம் என்பது அவ்வறிஞரின் கோட்பாடு.

1871ஆம் ஆண்டில் மேரி மெக்காலே என்னும் நங்கையை அவர் மணந்தார். வரலாற்றாசிரியர் மெக்காலே பிரபுவின் தம்பி மகள் அவர், பரந்த கல்வியுடையவர். மணமான சில ஆண்டுகளுக்குள் பூத்தின் உடல்நலம் கெட்டது. சுவிட்சர்லாந்து சென்று நெடுநாள் தங்கி ஓரளவு தேறினார். 1875ஆம் ஆண்டளவில் குடும்பத்துடன் இலண்டனிற் குடியேறினார்.

அந்நாளில் இலண்டனில் வறுமையைப் பற்றிய பேச்சே எங்கும் மிகுந்திருந்தது. 1883ஆம் ஆண்டில், ஒதுக்கப்பட்ட இலண்டனின் துயரைக் கூறும் சிறு நூலொன்று வெளிவந்து நகரையே உலுக்கியது. வாணிகம் மந்தமுற்றது, வேலையற்றோர் பெருகினர். 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டிரபால்கர் சதுக்கத்திற் கூடிய கூட்டம், செல்வர் வாழும் தெருக்களின் வழியே சென்று கண்ணாடிச் சன்னல்களை உடைத்தது. பசித்த கும்பல் ஒருநாள் நகரையே சூறையாடும் என்று சிலர் அஞ்சினர். வேறு சிலரோ, ஏழைகளின் துன்பத்தைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்துகின்றன என்றனர். பொதுவுடைமைக் கருத்தினரான ஹைண்ட்மன், இலண்டன் மக்களில் 4 பேருக்கு ஒருவர் கொடிய வறுமையில் உழல்வதாகக் கூறினார் என்றும், அது மிகை என்று நிறுவவே பூத் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்றும் வழிவழியாக ஒரு செய்தி வழங்குகின்றது. வரலாற்றறிஞர் சிலர் இதனை ஐயுறுவர். எவ்வாறாயினும், பரபரப்பான செய்திகளைப் பூத் எளிதில் நம்பியவர் அல்லர். வறுமை இவ்வளவு பெரிதாக இருக்குமென அவர் முதலில் கருதவுமில்லை.

முதலில் அவர் கையிலெடுத்தது 1881ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கு. மக்கள் செய்யும் தொழில்களை அதிலிருந்து அறிய முயன்றார். ஒரு கணக்கெடுப்பில் ஒருவகையாகப் பகுக்கப்பட்ட தொழில் அடுத்ததில் வேறுவகையாகப் பகுக்கப்பட்டிருந்தது. மேலும், ஒருவன் தச்சன் என்பதை அக்கணக்கு கூறும். அவனுக்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கின்றது, அவன் பிள்ளைகள் வயிறார உண்கின்றனரா என்பவற்றைக் கூறாது. ஆகவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அவ்வழி பள்ளிக்கூடத்தின் வாயிலாகக் கிடைத்தது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின், பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகின்றனரா என்று பார்ப்பதற்குப் பள்ளிக் கழகத்தார் பார்வையாளர்களை அமர்த்தியிருந்தனர். அவர்கள் தத்தம் பகுதியில் பிள்ளைகளுள்ள வீடு ஒவ்வொன்றிற்கும் ஆண்டுதோறும் சென்றனர். பல ஆண்டு ஒரே தெருக்களிற் பழகியமையால் குடும்பங்களின் நிலையை நன்கறிந்திருந்தனர். அவர்களிடமிருந்து செய்தி திரட்டலாம் என்னும் யோசனை பூத்திற்குப் பிடித்தது. அவரும் அவர்தம் செயலாளரும் பார்வையாளர் ஒவ்வொருவரையும் ஏறக்குறைய 20 மணி நேரம் வினவினர். தெரு தெருவாக, வீடு வீடாக, குடும்பத் தலைவனின் தொழில் யாது, பிள்ளைகள் எத்தனை பேர், வருவாய் ஒழுங்காக வருகின்றதா என்று கேட்டுச் சிறு குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டனர். அவ்வாறு கிடைத்த செய்தியைப் போலீசார், பாதிரிமார், அறநிலையத்தார் ஆகியோரிடமும் கேட்டு ஒப்புநோக்கினர். பகலில் வாணிகம், மாலையில் வறுமைக் கணக்கு என்று பூத்தின் நாள்கள் கழிந்தன. இடையிடையே வாணிகத்தின் பொருட்டு அமெரிக்காவிற்கும் சென்று மீண்டார். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே செலவிட்டார்.

பிறர் வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு எழுதுவது அவருக்கு மனநிறைவு தரவில்லை. கிழக்கு இலண்டனில் தொழிலாளர் வீடுகள் மூன்றில், வாடகைக்கு ஓர் அறை பெற்று, பல வாரங்கள் அவர்களுள் ஒருவராகத் தங்கினார். தாம் இன்னார் என்பதை வெளியிடவில்லை. அவ்வீட்டார் உண்ட எளிய உணவையே தாமும் உண்டார். கந்தலும் கலகமுமே காணப்படும் என்று பலரும் எண்ணிய அத்தெருக்களில், விடியற்காலையில் எழுந்து தூய்மை செய்யும் தாய்மாரையும், ஒரு காசுக்கும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் மகளிரையும், மகிழ்ந்து விளையாடும் பிள்ளைகளையும் அவர் கண்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளைவிட, உணவும் வேலையும் ஓரளவு உள்ள தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வு ஒருவகையில் நன்றென்றும் அவருக்குத் தோன்றியது. இது செல்வரின் கண்ணுக்குத் தோன்றிய இனிமை என்று கூறுவாரும் உளர். அக்கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. விரும்பியபொழுது எழுந்து தம் மாளிகைக்கு மீளும் உரிமை அவருக்கு இருந்தது. அண்டை வீட்டாருக்கு இல்லை.

திரட்டிய செய்திகளைக் கொண்டு மக்களை 8 வகுப்பினராகப் பூத் பிரித்தார். ஒழுங்கான தொழிலின்றித் தெருவில் திரிவோர் முதல் வகுப்பினர். அன்றாடம் கிடைக்கும் கூலியையே நம்பியிருப்போர் இரண்டாம் வகுப்பினர். சில காலம் வேலையும் சில காலம் வேலையின்மையும் உடையோர் மூன்றாம் வகுப்பினர். ஒழுங்கான வேலை இருந்தும் கூலி போதாதோர் நான்காம் வகுப்பினர். இந்நால்வரையும் வறியவர் என்று அவர் கொண்டார். அளவான குடும்பம் ஒன்று வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரையில் பெற்று வாழ்ந்தால் அது வறிய குடும்பம். அதனினும் குறைவாகப் பெற்றால் மிக வறிய குடும்பம். 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன் ஆகும். வறுமைக்கு இங்ஙனம் ஒரு கோடு கிழித்துக் காட்டியது பெரியதொரு செயலாகும். அதுவரையில் வறுமை என்னும் சொல்லுக்குப் பேசுவோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய பொருளைக் கொண்டிருந்தனர்.

1887ஆம் ஆண்டில் புள்ளியியற் கழகத்தின் முன் முதற் கட்டுரையைப் படித்தார். 1889ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனைப் பற்றிய முதல் நூல் வெளிவந்தது. அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 9 இலட்சம் மக்களில் 100க்கு 35 பேர் வறியவர் என்று அது காட்டியது. 1891ஆம் ஆண்டளவில் நகரம் முழுவதற்குமான கணக்கு முடிவுற்றது. இலண்டன் மக்களில் 100க்கு 30.7 பேர் வறுமையில் இருந்தனர். தொகையாகக் கூறின் ஏறக்குறைய 13 இலட்சம் பேர். மிகையென்று கருதப்பட்ட கணக்கையும் உண்மை விஞ்சி நின்றது. தம் எண்ணத்திற்கு மாறாக வந்த விடையைப் பூத் மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை.

தொகையைக் காட்டிலும் பெரிதாக மக்கள் மனத்தைத் தாக்கியது காரணங்களைப் பற்றிய பகுதியே. ஏறக்குறைய 4,000 வறிய குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வறுமையுற்ற காரணத்தை அவர் வகுத்தார். மிக வறியவருள் 100க்கு 55 பேரின் துன்பத்திற்கு வேலையின்மையும், நிலையற்ற வேலையும், குறைந்த கூலியும் காரணமாயிருந்தன. நோய், பெரிய குடும்பம் முதலிய நிலைமைகளால் துன்புற்றோர் 27 பேர். குடி முதலிய பழக்கத்தால் கெட்டோர் 14 பேர். உழைக்க விருப்பமின்றித் திரிந்தோர் 4 பேரே. அடுத்த நிலையிலிருந்த வறியவருள் 100க்கு 68 பேர் வேலையும் கூலியும் பற்றிய காரணங்களாலேயே வறுமையுற்றிருந்தனர். மேடைதோறும் பேசப்பட்ட குடியும் சோம்பலும் கணக்கில் சிறு பங்காகவே நின்றன. கப்பல்துறையில் விடியற்காலையில் கூலிக்காக முண்டியடித்து நின்று, பாதிப்பேர் வேலையின்றித் திரும்பிய காட்சியைக் கண்டவர்க்கு இது வியப்பளித்திராது. காணாதவரே பெரும்பாலோர்.

நகரைச் சூறையாடக் காத்திருப்பதாக அஞ்சப்பட்ட கும்பலையும் பூத் எண்ணினார். கிழக்கு இலண்டனின் 9 இலட்சம் பேரில், முதல் வகுப்பினர் ஏறக்குறைய 11,000 பேரே இருந்தனர். நகரைக் கவிழ்க்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்று அவர் தெளிவுறுத்தினார்.

எண்களைப் படிக்கும் பொறுமை எல்லார்க்கும் இராது என்பதைப் பூத் அறிந்திருந்தார். ஆதலின் இலண்டனின் படத்தில் தெருவுக்குத் தெரு வண்ணம் தீட்டச் செய்தார். கருமை மிக இழிந்த தெருவைக் குறிக்கும். கரு நீலம் மிக வறிய தெருவையும், இள நீலம் வறிய தெருவையும் குறிக்கும். ஊதா நிறமுள்ள தெருவில் வறியவரும் வசதியுடையோரும் கலந்திருப்பர். இளஞ்சிவப்பு வசதியையும், சிவப்பு அதனினும் மிக்க வசதியையும், மஞ்சள் பெருஞ்செல்வத்தையும் காட்டும். படத்தைப் பார்த்தவர் பலர் திடுக்குற்றனர். வறுமை கிழக்கில் மட்டுமே உள்ளதென்று நம்பியிருந்தனர் அல்லரோ? தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பிளாக்பிரையர்ஸ் பாலத்திற்கும் இலண்டன் பாலத்திற்கும் இடையே, 33,000 பேர் வாழ்ந்த பகுதியில் 100க்கு 68 பேர் வறியவராயிருந்தனர். பாராளுமன்றம் அமைந்த வெஸ்ட்மின்ஸ்டரிலும் கருமையும் கரு நீலமும் காணப்பட்டன. மஞ்சள் தீட்டிய தெருவுக்குப் பின்புறத்துச் சந்து நீலமாயிருந்ததும் உண்டு. சில ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அப்பொழுது பூத்தின் உதவியாளர்கள் அவ்வப்பகுதிப் போலீசாருடன் தெருத்தெருவாக நடந்து, கண்டவற்றைக் குறித்தனர்.

இப்பெரும்பணியைப் பூத் தனியே செய்தாரல்லர். அவர் மனைவியின் உறவினரான பியட்ரிஸ் பாட்டர் கப்பல்துறைத் தொழிலையும் தையல் தொழிலையும் ஆராய்ந்தார். செல்வக் குடும்பத்திற் பிறந்த அப்பெண்மணி, காற்சட்டை தைக்கக் கற்றுக்கொண்டு, தையற்கடையிற் கூலிப்பெண்ணாக அமர்ந்து வேலை செய்தார். பின்னாளில் அவர் பியட்ரிஸ் வெப் என்னும் பெயரால் புகழ்பெற்றார். கிளாரா காலெட் என்னும் அம்மையார் பெண்களின் தொழில்களை ஆராய்ந்தார். மேரி பூத் கணவரின் எழுத்துகளைத் திருத்திச் செம்மையாக்கினார். பிள்ளைகளை வளர்த்தலும் பெரிய குடும்பத்தை நடத்தலும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. நூல்களின் முகப்பில் அவர் பெயர் இல்லை. 1903ஆம் ஆண்டில் முடிவுற்ற பதிப்பு 17 தொகுதிகளாக அமைந்தது.

பூத்தின் ஆராய்ச்சியில் குறைகளும் உண்டு. பார்வையாளர்கள் பிள்ளைகளுள்ள வீடுகளையே அறிந்திருந்தனர். ஏனையோர் நிலையை அந்த அளவு கொண்டே அவர் கணக்கிட்டார். நகரின் பிற பகுதிகளுக்குக் குடும்பம் குடும்பமாக அன்றித் தெருத் தெருவாகவே கணக்கெடுத்தார். முதல் வகுப்பினரை அவர் வருணித்த முறையில் இரக்கத்தைவிட வெறுப்பே மிகுதி. இரண்டாம் வகுப்பினரை நகரிலிருந்து அகற்றி, அரசின் மேற்பார்வையில் தனிக் குடியிருப்புகளில் வைக்கலாம் என்றும் அவர் கருத்துரைத்தார். வறுமையின் காரணம் வேலையின்மை என்று கண்டறிந்தவரே அவ்வறியவரை ஊரைவிட்டு அகற்ற எண்ணியது பொருந்தாச் செயலேயாகும். நல்வாய்ப்பாக அக்கருத்து நடைமுறைக்கு வரவில்லை.

இறுதித் தொகுதிகளில் மக்களின் சமய வாழ்வை அவர் ஆராய்ந்தார். பாதிரிமார் பலரையும் கண்டு வினவினர் அவர்தம் குழுவினர். வழிபாட்டுக் கூடங்களுக்கும் நேரிற் சென்றனர். தொழிலாளருள் பெரும்பாலோர் கோயிலுக்குச் செல்வதில்லை என்பது தெரிந்தது. அவர்கள் கடவுளை வெறுத்தவரல்லர், சமயத்தை இகழ்ந்தவருமல்லர். கோயில் என்பது நல்லாடை உடுத்தோர்க்குரிய இடம், தமக்குரியதன்று என்பதே பலருடைய உணர்ச்சி. கூட்டம் சேர்ப்பதற்காகச் சபைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உணவும் நிலக்கரியும் வழங்கிய இடங்களில், மக்கள் வழங்குமிடம் நோக்கிச் சென்றனர். வழங்குதல் நின்றதும் வருகையும் நின்றது. ஆர்வமிக்க பாதிரிமார் சிலர்க்கு இம்முடிவுகள் கசப்பாயிருந்தன. இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. சமய நம்பிக்கை தளர்ந்த இதே பூத்தான், ஹோல்மன் ஹண்ட் தீட்டிய, உலகின் ஒளி என்னும் ஏசுநாதரின் ஓவியத்தை வாங்கிப் பல நாட்டு மக்களும் காணுமாறு அனுப்பி, பின்னர் இலண்டன் தூய பவுல் பேராலயத்திற்கு அளித்தார்.

ஆராய்ச்சியின் இடையே முதியோரின் நிலை அவர் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. ஸ்டெப்னி என்னுமிடத்தின் ஏழையர் விடுதியில் இருந்த 634 பேரின் வரலாறுகளை அவர் ஆராய்ந்தார். அவ்விடுதிக்குச் செல்வதைக் காட்டிலும் பட்டினி கிடந்து மடிதல் மேலென்று தன்மானமுள்ள ஏழைகள் எண்ணிய காலம் அது. அங்கு வந்தோருள் மூவரில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தது முதுமையே. குடியால் வந்தோர் எண்மரில் ஒருவரே. வாழ்நாளெல்லாம் உழைத்தவர், உடல் தளர்ந்ததும் பிச்சைக்காரரோடு வைத்தெண்ணப்பட்டனர்.

ஆகவே 1891ஆம் ஆண்டில், 65 வயதடைந்தோர் அனைவர்க்கும் அரசினர் வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் அளித்தல் வேண்டும் என்ற திட்டத்தை அவர் வெளியிட்டார். வறியவர்க்கு மட்டுமன்றிச் செல்வர்க்கும் ஏன் அளித்தல் வேண்டும் என்று கேட்டனர் பலர். எல்லார்க்கும் உரியதாயின் அதனைப் பெறுதல் இழிவாகாது என்பது பூத்தின் விடை. முதுமைக்கு அரசு பொறுப்பேற்றால் மக்கள் சேமிக்கும் பழக்கத்தைக் கைவிடுவர் என்று அறநிலையத் தலைவர்கள் எதிர்த்தனர். செலவைக் கண்டு அமைச்சர்கள் அஞ்சினர். பூத் மனம் தளராது நூலுக்குமேல் நூல் எழுதினார். தொழிற்சங்கத்தாருடன் சேர்ந்து ஊரூராகச் சென்று பேசினார். கிளர்ச்சிப் பேச்சில் அவர் வல்லவரல்லர். எண்களே அவருக்குத் துணை.

17 ஆண்டுகள் கழிந்தன. 1908ஆம் ஆண்டில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. பூத் கேட்டது முழுவதும் அதில் இல்லை. வயது 65 அன்று, 70. எல்லார்க்கும் அன்று, வருவாய் குறைந்தோர்க்கு மட்டும். தொகை அவர் கூறிய 5 ஷில்லிங்கே. 1909ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் அப்பணம் அஞ்சலகங்களில் வழங்கப்பட்டது. ஏழையர் விடுதியின் வாயிலில் அன்றி, அனைவரும் செல்லும் அஞ்சலகத்தில் அதனைப் பெற்றனர். முதலாண்டிலேயே ஏறக்குறைய 5 இலட்சம் முதியோர் பயனடைந்தனர்.

பூத்தின் முறை பிற ஊர்களுக்கும் பரவியது. ரவுண்ட்ரீ என்பவர் யார்க் நகரில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, 1901ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். பழைமையான அச்சிறு நகரிலும் 100க்கு ஏறக்குறைய 28 பேர் வறியவர் என்று கண்டபொழுது, வறுமை பெருநகரத்தின் தனி நோய் என்ற எண்ணமும் நிலைகுலைந்தது. புள்ளியியற் கழகத்தின் தலைமையும், ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் பூத்தைத் தேடி வந்தன. 1905ஆம் ஆண்டில் ஏழையர் சட்டத்தை ஆராய அமைந்த அரசுக் குழுவில் அவரும் இடம்பெற்றார். உடல்நலக் குறைவால் 1908இல் விலகினார்.

லெஸ்டர்ஷயரில் உள்ள கிரேஸ்டியூ என்னும் தம் இல்லத்தில் 1916ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் சார்லஸ் பூத் காலமானார். ஈராண்டிற்குப் பின் மேரி பூத் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பார்வையாளரையும் போலீசாரையும் தொழிலாளரையும் வினவி எழுதிய குறிப்பேடுகள், 400க்கு மேற்பட்டவை, இலண்டன் பொருளியற் கல்லூரியில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. தெருவின் பெயர், வீட்டின் எண், அறைகளின் தொகை, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அவற்றின் பக்கங்கள் வரிசை வரிசையாகச் செல்கின்றன.